கைப்பட்டையில் தெரியாத அழுத்தம்

மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வழக்கில் 2024 டிசம்பர் 3இல் தீர்ப்பு வந்த பிறகும் மறுவாழ்வுப் பேச்சு வீடு, பணம், நிலம் என்பதையே சுற்றுகிறது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்துத் தேய்ந்த உடம்புகளுக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

உடம்புக்கென்று அரசிடம் இருப்பது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம்; அது 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருவது நல்ல காரியம். ஆனால் கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் பிரஷர் வேறு, இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில், அதாவது நுரையீரல் தமனியில், ஏறும் பிரஷர் வேறு. முன்னது 120/80 என்று இருக்கும்போதே பின்னது ஆளை மூச்சுத் திணற வைக்கும். அங்கே சராசரி 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலே நோய். எக்கோவில் சந்தேகம் எழும். இதயத்துக்குள் குழாய் செலுத்தி அளந்தால்தான் உறுதியாகும். அதுவரை 'சளி', 'ரத்தசோகை', 'வயசாச்சு' என்றே காலம் ஓடும்.

அரிய நோய், ஆள் குறைவு என்பார்கள். தவறு. எல்லாக் காரணங்களையும் சேர்த்தால் உலகில் நூற்றில் ஒருவருக்கு இந்த நுரையீரல் அழுத்தம் உண்டு என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு. நூற்றில் ஒருவர்! இதை அரிது என்பவர்களோடு வாதாடுவது வீண். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என எண்ணிப் பார்க்கட்டும் அரசு. மலையின் உயரத்தைக் காரணம் காட்டவும் முடியாது; அது 2,500 மீட்டருக்கு மேல் வாழ்வோர் பிரச்சினை. நெருக்கமான குடியிருப்பில் தொண்டைப்புண்ணில் தொடங்கும் வாதக் காய்ச்சல் வால்வைச் சுருக்கும். விறகடுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். இரண்டும் கடைசியில் இந்த அழுத்தத்தில்தான் கொண்டுபோய் விடும்.

காரணம் பார்க்காமல் மாத்திரை கொடுத்தால் ஆபத்து. வால்வு சுருங்கியிருந்தால் பலூன் வைத்து விரிக்க வேண்டும். நுரையீரல் கெட்டிருந்தால் ஆக்சிஜன் வேண்டும். நுரையீரல் தமனியே இறுகிப்போனவர்களுக்குத்தான் சில்டெனாஃபில், டடலாஃபில், போசென்டான் போன்றவை. 1980களின் அமெரிக்கப் பதிவேட்டில், இவை இல்லாத காலத்தில், அந்தத் தமனி நோய் உறுதியானவர்களில் பாதிப்பேர் 2.8 ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். 2005இல் இந்நோய்க்கு அனுமதி பெற்ற சில்டெனாஃபில், ஆண்மைக் குறைவுக்கான வயாக்ராவின் அதே மருந்து. மருந்துச் சீட்டை நீட்டும் பெண், கடைக்காரரின் பார்வையில் கூசி நிற்கிறாள். அந்தக் கூச்சத்தை அரசு மருந்தகம் ஒரே நாளில் போக்கிவிடும்.

இதே நோய்க்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோட்டடெர்செப்ட் ஊசி அப்போது குப்பி 14,000 டாலர். அதை இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்பது இந்திய நிறுவனங்களே செய்யும் மாத்திரையை. முதலமைச்சர் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்தால் உதவும். ஆயுள் முழுக்கத் தினமும் விழுங்கும் மாத்திரைக்கு உதவாது. ஓட்டை அங்கேதான். மாத்திரை தராத மறுவாழ்வை மறுவாழ்வு என்று ஏற்க முடியாது.

மலையிறங்கும் குடும்பங்களில் நாற்பது வயது கடந்த ஒவ்வொருவருக்கும் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எக்கோ எடுக்க வேண்டும். நோயும் காரணமும் உறுதியாகி மாத்திரை தேவைப்படுவோருக்கு அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையிலேயே மாதாமாதம் மாத்திரையும், போசென்டான் எடுப்பவருக்குக் கல்லீரல் பரிசோதனையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சுகாதாரத் துறை இதற்கான ஆணையை உடனே பிறப்பிக்கட்டும்.