தள்ளுவண்டிக்கும் ஒரு குழாய் வேண்டும்

2021 செப்டம்பரில் ஆரணி உணவகம் ஒன்றில் பிரியாணியும் தந்தூரி சிக்கனும் சாப்பிட்ட இருபதுக்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பிழைக்கவில்லை. கடைக்குச் சீல் வைத்தார்கள். உரிமையாளரும் சமையல்காரரும் கைதானார்கள். அடுத்த மே மாதம் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி இறந்தார். 2023-இல் நாமக்கல்லிலும் ஒரு சிறுமி. கைதும் சீலும் மட்டும் இதைத் தடுக்கவில்லை.

ஆரணிக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற வெளியூர்க் குடும்பங்கள் இங்கே ஒரு வேளையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகின்றன. தறியை விட்டு எழுந்து வரும் நெசவாளிக்கும் ராத்திரி இட்லிக் கடைதான் கதி.

சமைப்பவர் அறிய வேண்டியது அதிகமில்லை. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில்தான் கிருமிகள் மளமளவென்று பெருகும். மதியம் மிஞ்சிய கறியைச் சாயங்காலம் சூடு பண்ணினால் போதும் என்ற நம்பிக்கைதான் பெரிய ஆபத்து. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமி கறியில் விட்டுப்போகும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் போகாது. பச்சைக்கறி வெட்டிய கத்தியால் வெங்காயம் நறுக்கக் கூடாது.

ஆனால் ஒரே பக்கெட் தண்ணீரில் ராத்திரி முழுக்கத் தட்டு கழுவுகிறவரிடம் சுத்தத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? சிங்கப்பூரில் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து, 1986-க்குள் குழாயும் சாக்கடையும் உள்ள உணவங்காடிகளுக்கு மாற்றினார்கள். அதன் பிறகுதான், 1997-இல், ஒவ்வொரு கடைக்கும் சுத்தத்துக்கான தரக்குறி வந்தது. நம்மிடமும் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு இடமாவது வியாபாரிகளுக்கு என்கிறது. அந்தக் குழுவில் இடமும் தண்ணீரும் கழிவுநீர் வழியும் முதல் பேச்சாக வேண்டும். குழாயை நகராட்சி கொடுக்கட்டும். அதன் பிறகு கடைக்காரர் சாக்குச் சொல்ல முடியாது.

சாப்பிடுகிற நமக்கும் பங்குண்டு. பத்தரை மணிக்குப் போய் "பிரியாணி இல்லையா?" என்று கோபித்துக்கொள்கிறோம். அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் சட்டி நிறைய ஆக்கி, மிஞ்சியதை எடுத்துவைக்கிறார்கள். "தீர்ந்துபோச்சுங்க" என்று சொல்லும் கடைக்கே மறுநாளும் போவோம். கறியில் வாடை அடித்தால் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போவதோடு நிறுத்திவிடக் கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அன்றைக்கே எழுதுங்கள். அடுத்து அந்த மேசையில் உட்காரப்போகிறவர் வெளியூர்க்காரராக இருக்கலாம். எந்தக் கடை எப்படி என்று அவருக்குத் தெரியாது.