பழங்கிணறும் புதுச்சட்டமும்

தஞ்சை, திருவாரூர், நாகை வயல்வெளிகளினூடே செல்வோர், நெற்பயிருக்கு நடுவே கம்பிவேலி சூழ நிற்கும் இரும்புக் குழாய்த் தொகுதிகளை ஆங்காங்கே கண்டிருப்பர். அவை எண்ணெய்க் கிணறுகளின் வாய்கள். ஓ.என்.ஜி.சி. என வழங்கும் எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகம் 1960-களில் காவிரிப் படுகையில் துளையிடத் தொடங்கிற்று. நாகைக்கு அணித்தான பனங்குடியில் 1993-ஆம் ஆண்டு, ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் டன் எண்ணெயைத் தூய்மையாக்கும் ஆலை எழுந்தது. குத்தாலத்திலும் திருமாகோட்டையிலும் இம்மண்ணின் வாயுவைக் கொண்டே மின்சாரம் ஆக்கினர். நிலத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்க்குரிய ராயல்டித் தொகையும் மாநிலத்தையே சேர்கின்றது. ஆதலின் இத்தொழிலால் நாட்டுக்குப் பயன் ஒன்றுமில்லை என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

எனினும், இத்தொழிலை ஆளும் சட்டங்கள் ஒன்றையொன்று முகங்கொடுத்து நோக்காமையால், உழவனும் தொழிலாளியும் ஒருங்கே அல்லலுறுகின்றனர் என்பதே எம் கருத்து.

அரசியற் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, எண்ணெய் வயல்களை மத்திய அரசின் பட்டியலில் வைத்துள்ளது. உழவையும் நிலத்தையும் மாநிலப் பட்டியலில் வைத்துள்ளது. ஒரே நிலத்தின் மேற்புறம் ஒருவர்க்கும் அடிப்புறம் மற்றொருவர்க்கும் என்று பங்கிட்டாற் போன்றது இது. இயற்கை வாயுவைப் பற்றிச் சட்டஞ்செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லையென உச்ச நீதிமன்றம் 2004-இல் கருத்துரைத்து, கூர்ச்சர மாநிலம் 2001-இல் செய்த வாயுச் சட்டத்தைச் செல்லாதென்றது.

இந்நிலையில் 2020-ஆம் ஆண்டின் முதலிரு திங்கள்களில் நிகழ்ந்தவை கருதத்தக்கன. சனவரி 16-இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, எண்ணெயும் வாயுவும் உண்டோவென ஆராயும் துளைப்பு வேலைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டாவென்று விதியைத் தளர்த்திற்று. நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017-இல் மக்கள் திரண்டெழுந்த நினைவு மாறாத காலம் அது. பிப்பிரவரியில் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் புதிதாய் எண்ணெய், மீத்தேன், ஷேல் வாயு எடுத்தலைத் தடுத்தது. ஒருவர் கதவைத் திறக்க, ஒருவர் தாழிட்டார். மாநிலச் சட்டம் கிணற்றைப் பற்றிப் பேசாது வயலைப் பற்றிப் பேசியே தன் அதிகாரத்தை நாட்டிக்கொண்டது. அஃது அறிவுடைய செயலே; அதனை யாம் வரவேற்கின்றோம்.

ஆயின் அச்சட்டம், தனக்கு முன்னரே தொடங்கிய வேலைகளைத் தான் தடுக்கவில்லை என்றும் கூறுகின்றது. நடக்கும் தொழிலை ஓரிரவில் நிறுத்துதல் முறையன்றாதலின் இது நேரியதே. அதன் விளைவோ வேறு. புதுக்கிணறு இல்லாதவிடத்துத் தொழில் முழுதும் பழங்கிணறுகளையே பற்றி வாழவேண்டும். கிணறு முதுமையுற முதுமையுற ஊறல் குறையும்; குழாய் துருவேறும். கதிராமங்கலத்தில் 2017 சூன் 30-இல் எண்ணெய் கசிந்ததும் குழாயினின்றே. உழவனுடைய இன்றைய அச்சம் நாளை தோண்டப்படும் கிணற்றைப் பற்றியதன்று. தன் வரப்பின்கீழ்ப் பல்லாண்டாய்க் கிடக்கும் குழாயைப் பற்றியதாகும். அதனைப் பற்றியோ புதுச்சட்டம் வாய்திறக்கவில்லை.

கைவிடப்படும் கிணற்றை முறைப்படி அடைத்து நிலத்தைச் சீர்செய்தல் வேண்டுமென்னும் கடப்பாடு மத்திய விதிகளில் உண்டு. அச்செலவிற்கென நிறுவனங்கள் பொருளை ஒதுக்கி வைக்க 1999-ஆம் ஆண்டு ஒரு திட்டமும் வகுக்கப்பட்டது. ஒதுக்கும் தொகைக்கு வருமானவரிச் சலுகையும் உண்டு. ஆனால் அந்நிதி நிறுவனத்தின் பெயரால் வங்கியில் இருப்பது. கிணறிருந்த நிலத்தின் உழவன் அதனைக் கேட்டுப் பெறுதற்கு அதில் வழியில்லை. தன் நிலம் எந்த ஆண்டில் எந்நிலையில் மீளும் என்று அவன் யாரை வினவுவான்? மாவட்ட ஆட்சியர் மத்திய அரசைக் காட்டுவார். மத்திய அரசு கழகத்தைக் காட்டும்.

இவ்விடத்தில் நாபோத்தின் திராட்சத்தோட்டம் எம் நினைவிற்கு வருகின்றது. அரசன் ஆகாபின் பொருட்டு அத்தோட்டம் வெறும் வாள்வலியாற் கவரப்படவில்லை. முத்திரையிட்ட நிருபங்களும், சபையும், சாட்சிகளும் ஒழுங்காகவே இருந்தன. இல்லாதது நாபோத்தின் சொல்லுக்கு மதிப்பு ஒன்றே. அக்கொடுமையை இதனோடு ஒப்பிடல் எம் கருத்தன்று. சட்டத்தின் வடிவம் இருந்தும் நிலத்துக்குரியோன் குரல் இல்லாதுபோதல் கூடும் என்பதற்கே அதனைச் சுட்டினோம்.

எல்லைக் கோடுகளின் விந்தையையும் சிறிது சொல்லுவோம். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. தமிழகச் சட்டம் அங்குச் செல்லாது. மண்ணுக்கடியில் எல்லைக்கல் நட்டவர் யார்? புதுக்கிணறு ஆகாதென்ற அதே நாகை மாவட்டத்தில், ஆண்டுக்கு 90 இலட்சம் டன் எண்ணெயைக் கொள்ளும் புதிய ஆலைக்கு 2021-இல் அடிக்கல் நாட்டினர். பாதுகாக்கப்பட்ட மண்டலத்திற்கு வெளியேயுள்ள இராமநாதபுரத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025-இல் சுற்றுச்சூழல் இசைவு வழங்கப்பட்டது. எதிர்ப்பு மிகவே, அதனைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு பணித்தது. கருத்துக் கேட்புக் கூட்டம் முன்னரே நடந்திருப்பின், இசைவு தந்தபின் அதனை மீட்கும் இடர்ப்பாடு எதற்கு? பொருள் முதலிடுவோர்க்கும் அதனால் நட்டமேயன்றி ஊதியமில்லை.

எனவே யாம் வேண்டுவன இரண்டு. துளைப்பு ஆய்வுக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் மீண்டும் வருதல் வேண்டும். வேளாண் மண்டலச் சட்டம் மயிலாடுதுறையைச் சேர்க்க 2023-இல் திருத்தப்பட்டதன்றோ? அவ்வாறே இன்னுமொரு முறை திருத்தி, மண்டலத்துப் பழங்கிணறு ஒவ்வொன்றிற்கும் தோண்டிய ஆண்டு, குழாயின் வயது, அடைக்கப்படும் ஆண்டு, அதற்கென வைத்த தொகை ஆகியவற்றை ஊராட்சி மன்றத்தில் தமிழில் எழுதி வைக்கச் செய்தல் வேண்டும். மேற்புறத்து வயலைக் காப்பதற்கு இவை வேண்டுமாதலின், இதனைக் கேட்கும் உரிமை மாநிலத்திற்கு உண்டென்றே யாம் எண்ணுகின்றோம்.