மேன்ஹோல் பொங்கினால் யாரைக் கூப்பிடுவது?

மழை விட்ட மறுநாள் காலை. ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். தூரத்து உறவுக்கார அக்காவின் வீடு. வாசலுக்கு நேர் எதிரே இருந்த மேன்ஹோல் மூடியின் ஓரத்திலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் கசிந்து படிக்கட்டுப் பக்கம் ஓடியது. மூன்று செங்கல்லை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார்கள். அதன்மேல் கால் வைத்துத்தான் வீட்டுக்குள் போக வேண்டும்.

"எத்தனை நாளா அக்கா இப்படி?"

"தீபாவளிக்கு முன்னாடியிருந்து தம்பி. ஒரு ஆபிசுக்கு போன் அடிச்சா இன்னொரு ஆபிசுக்குச் சொல்லுங்கன்றாங்க. வந்து பார்த்தவரு, இது எங்க குழாய் இல்ல, உங்க ஃப்ளாட் நிர்வாகத்தோடதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இங்க நிர்வாகம்னு யாரு இருக்கா?"

வந்து பார்த்தவர் சொன்னது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கழிவுநீர்ப் பிரச்சினை என்றதும் பெரிய சுத்திகரிப்பு நிலையம், பெரிய குத்தகை, பெரிய தொகை என்றே பேசுகிறோம். நம் மக்கள் அதிகம் வாழும் இடங்களில் அது பொங்குவது வேறு ஓர் இடத்தில்: ஒருவரின் குழாய் முடிந்து இன்னொருவரின் குழாய் தொடங்கும் அந்த ஐம்பது அடியில்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1993-ஆம் ஆண்டு வரை கழிவுநீர் வேலையை அந்தந்த ஊராட்சி மன்றங்களே கவனித்து வந்தன. அந்த ஆண்டு கழிவுநீர்ச் சேவைச் சட்டம் வந்து, பொறுப்பு மத்திய அரசின் கீழ் போனது; இண்டா வாட்டர் நிறுவனம் சேவையை எடுத்துக்கொண்டது. தனியார்மயமாக இருந்த அந்த நிறுவனத்தை 2000-ஆம் ஆண்டில் நிதியமைச்சு வாங்கிக்கொண்டது. 2006-ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. கண்காணிக்கும் வேலை ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்துக்கு. இன்று தீபகற்பத்தில் 7,000-க்கும் மேற்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை இண்டா வாட்டர் நடத்துகிறது. சபாவிலும் சரவாக்கிலும் ஏற்பாடு வேறு.

நிலையங்கள் நன்றாக இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோலாலம்பூர் பந்தாய் டாலாமில் உள்ளவர்களுக்கு அந்தப் பழைய குளங்கள் ஞாபகம் இருக்கும். காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்த வேண்டிய காலம் அது. இப்போது அங்கே நாட்டின் முதல் நிலத்தடிச் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. 14 லட்சம் பேரின் கழிவைத் தாங்கும் அளவு அதற்கு உண்டு. நாளொன்றுக்கு 320,000 கன மீட்டர். மேலே பூங்கா, பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

அப்படியானால் தாமானில் ஏன் பொங்குகிறது? அங்கே இருப்பது பெரும்பாலும் கொள்ளளவுப் பிரச்சினை அல்ல. குழாய்க்குள் போகக்கூடாதது போகிறது, அவ்வளவுதான்.

மழையிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டில் மழைநீருக்கு லோங்காங், கழிவுநீருக்கு மூடிய குழாய் என்று இரண்டு தனித்தனி வழிகள். கழிவுக் குழாயை வடிவமைக்கும்போது ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 1,125 லிட்டர். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளித்து வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்காக அதைப் பல மடங்கு பெருக்கியும் வைக்கிறார்கள். மழைக்கு மட்டும் அதில் இடமே கிடையாது.

இப்போது சாதாரண மாடி வரிசை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 20 அடி அகலம், 70 அடி நீளம். பின்பக்கத்தில் அடுக்களையை இழுத்துக் கட்டியிருக்கிறோம். கூரைத் தண்ணீர் விழும் பீலியை லோங்காங் வரை கொண்டுபோக இடமில்லை, அல்லது மேஸ்திரிக்கு மனமில்லை. பக்கத்தில் இருந்த மேன்ஹோலில் சொருகிவிட்டார். பின்பக்கப் பாதிக் கூரை ஏறக்குறைய 65 சதுர மீட்டர். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சாயங்கால இடிமழை மணிக்கு 50 மில்லிமீட்டர் கொட்டுவது புதிதல்ல. கணக்குப் போட்டால் 3,250 லிட்டர். அந்த வீட்டின் மூன்று நாள் கழிவு ஒரே மணி நேரத்தில் குழாய்க்குள் இறங்குகிறது. ஒரு வரிசையில் பத்து வீட்டில் இப்படி இருந்தால், அந்த வரிசையின் தாழ்வான கோடியில் இருக்கும் வீட்டுக்காரர் என்ன பாவம் செய்தார்? பெரும்பாலும் அவர் வீட்டுக் குளியலறைத் துவாரத்தில்தான் அது மேலே வரும்.

இதைச் சொன்னால் நம்மில் பலர் ஒப்புக்கொள்வதில்லை. 'மழைத்தண்ணி போனா நல்லதுதானே, குழாயைக் கழுவி விடும்' என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். கழுவிவிடுவது உண்மைதான், அடுத்த வீட்டு வரவேற்பறைக்குள்.

இழுத்துக் கட்டும் பழக்கத்தில் இன்னொரு கேடும் உண்டு. மேன்ஹோல் அடுக்களைக்குள் மாட்டிக்கொள்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிடுகிறோம். அடைப்பு எடுக்க லோரியோடு வருகிறவர்கள் எந்த வழியாகக் குழாயை இறக்குவார்கள்? இடிக்க விடமாட்டோம், அடைப்பையும் எடுக்கச் சொல்வோம்.

அடுத்தது எண்ணெய். இது நம் சமையலறைக் கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முறுக்கு சுட்ட எண்ணெய், ஆட்டிறைச்சிக் குழம்பின் கொழுப்பு, தட்டு கழுவும்போது போகும் நெய் எல்லாம் சூடாக இருக்கும்போது தண்ணீர்போல் ஓடும். மண்ணுக்கடியில் குழாய் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே போனதும் உறைந்து சுவரில் ஒட்டும். சோற்றுப் பருக்கை, காப்பித்தூள் எல்லாம் அதில் சிக்கும். நாளடைவில் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சவர்க்காரக் கட்டிபோல் இறுகிவிடும். வீட்டிலிருந்து போகும் குழாய் ஆறு அங்குல விட்டம்தான். அதில் உள்பக்கம் அங்குலக் கணக்கில் கொழுப்புப் படிந்தால் மீதி எவ்வளவு? வெந்நீர் ஊற்றினால் கரைந்துவிடும் என்று நினைக்கிறோம். கரைந்து பத்தடி தள்ளிப் போய் மறுபடி உறையும், அவ்வளவுதான். ஈரத் துடைப்புத் தாளும் பிள்ளைகளின் டயப்பரும் சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது. உறையில் கழிவறையில் போடலாம் என்று அச்சடித்திருந்தாலும் அந்தத் தாள் காகிதம்போல் கரைவதில்லை.

கடை வரிசைகளில் நிலைமை இன்னும் மோசம். வாழை இலைச் சாப்பாட்டுக் கடை, மாமாக் கடை, சீனர் உணவுக் கடை எல்லாம் ஒரே பின்சந்தில். உணவகங்கள் கொழுப்புப் பொறி வைக்க வேண்டும் என்று ஊராட்சி மன்றங்கள் கேட்கின்றன. பொறி இருக்கும். லைசென்ஸ் எடுக்கும்போது புதிதாகப் பளபளக்கும். அதைத் திறந்து கொழுப்பை அள்ளுவது யார், எத்தனை நாளுக்கு ஒரு தடவை? அள்ளாத பொறி இருந்தும் இல்லாததும் ஒன்றே. சில கடைகளில் அள்ளியதைப் பின்சந்து லோங்காங்கிலேயே கொட்டுவதையும் பார்த்திருக்கிறேன். நம் சமூகத்தில் உணவகத் தொழில் செய்கிறவர்கள் நிறைய. இதை அவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அடைத்துக்கொண்டால் முதலில் நாறப்போவது அவர்கள் கடைதான்.

சிங்கப்பூரிலும் உணவுக் கடைகளுக்குக் கொழுப்புப் பொறி கட்டாயம். அங்கே ஆழ்நிலச் சுரங்கத் திட்டத்தின் முதல் கட்டமாக கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் சுரங்கம் 2008-இல் முடிந்தது. எல்லாம் சரிவிலேயே ஓடுவதால் இடையில் இருந்த பம்ப் நிலையங்களைப் படிப்படியாக மூட முடிகிறது. அவ்வளவு செலவழித்த ஊரிலும் கொழுப்பு ஊற்றாதீர்கள் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் இன்றும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

இதுவரை சொன்னது குழாய் இணைப்பு உள்ள வீடுகளைப் பற்றி. பழைய தாமான்களிலும், தோட்டத்தை ஒட்டிய குடியிருப்புகளிலும், கம்பங்களிலும் இன்னும் செப்டிக் டேங்க்தான். இதில் பலர் அறியாத ஒரு விஷயம்: இப்படிப்பட்ட வீடுகளில் கழிவறைத் தண்ணீர் மட்டுமே தொட்டிக்குப் போகிறது. அடுக்களைத் தண்ணீரும் குளித்த தண்ணீரும் நேரே லோங்காங்குக்கு. வீட்டு முன்னால் லோங்காங் கறுத்து நாறுவதற்கு நகராண்மைக் கழகத்தைத் திட்டுவோம். அதில் பாதி நம் வீட்டுத் தட்டு கழுவிய தண்ணீர்.

தொட்டியும் சும்மா இருப்பதில்லை. அடியில் சகதி சேர்ந்துகொண்டே வரும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்பது விதி. எடுக்காவிட்டால் தொட்டியில் தேங்கிப் படிய இடமில்லாமல், போட்டது அப்படியே மறுபக்கம் லோங்காங்கில் விழும். வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. கழிவறை நன்றாகத்தானே போகிறது! முன்பு அட்டவணைப்படி லோரி வந்தது. பின்னாளில் கூப்பிட்டால்தான் வரும் என்று ஆனது. கூப்பிட்டவர்கள் எத்தனை பேர்? பிறகு மறுபடியும் அட்டவணை முறைக்குக் கொண்டுவர முயற்சிகள் நடந்தன. என் கருத்தில் கூப்பிட்டால் வரும் என்ற ஏற்பாடே தவறு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குக் காசு கட்டி ஆள் கூப்பிட நம்மில் யாரும் வரிசையில் நிற்கமாட்டோம். சட்டமோ தொட்டியைப் பராமரிக்கும் கடமை வீட்டுச் சொந்தக்காரருடையது என்கிறது. வாடகை வீடாக இருந்தால் அங்கேயும் ஓர் இழுபறி.

கட்டணத்தையும் சொல்லிவிட வேண்டும். நீண்ட காலம் இருந்த பட்டியலில் மலிவு விலை வீட்டுக்கு மாதம் 2 ரிங்கிட், கம்பம், புதுக்கிராமம், தோட்ட வீடுகளுக்கு 3 ரிங்கிட், தொட்டி வீட்டுக்கு 6 ரிங்கிட், குழாய் இணைப்பு வீட்டுக்கு 8 ரிங்கிட். சேவைக்கு ஆகும் செலவை இது ஈடுகட்டுவதில்லை. மீதியை அரசாங்கம் போடுகிறது. 'காசு வாங்குறாங்கல்ல, வந்து எடுக்கட்டும்' என்று நாம் சொல்லும்போது, அந்தக் காசு எந்தக் குழாய்க்கு என்று யோசிப்பதில்லை. அது பொதுக் குழாய்க்கும் நிலையத்துக்கும். வீட்டு வேலிக்குள் இருப்பது, அடுக்குமாடி வளாகத்துக்குள் இருப்பது அதில் சேராது.

இங்கேதான் அக்காவின் மூன்று செங்கல் வருகிறது. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது லயன் வீடுகளை விட்டுப் பலர் வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட மலிவு அடுக்குமாடிகளில்தான். லயனில் லோங்காங் அடைத்தால் நிர்வாகத்தின் வேலை. மேனேஜர் ஆபிசில் போய் நின்றால் துப்புரவுக்கு ஆள் வரும். நல்லதோ கெட்டதோ, கேட்க ஓர் இடம் இருந்தது. அடுக்குமாடியில் அந்த மேனேஜர் நாமேதான். 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி, வளாகத்துக்குள் ஓடும் கழிவுக் குழாய் பொதுச் சொத்து. அதைக் கவனிப்பது கூட்டு நிர்வாக மன்றம், அதாவது ஜேஎம்பி. ஜேஎம்பி-க்குப் பணம் வருவது மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து. பாதிப் பேர் கட்டாவிட்டால் லிஃப்ட்டுக்கே பணம் பத்தாது, குழாயை யார் நினைப்பது? சில இடங்களில் ஜேஎம்பி கூட்டமே பல ஆண்டுகளாகக் கூடவில்லை. இதைவிடச் சிக்கல், மேம்பாட்டாளர் கட்டிய சிறிய சுத்திகரிப்பு நிலையம் முறையாக ஒப்படைக்கப்படாமல் தனியார் வசமே நின்றுபோன இடங்களில். பம்ப் பழுதானால் பழுதானதுதான். பழைய கேபிளைத் திருடிக்கொண்டு போகிறவர்கள் வேறு.

வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு குறைந்த விலை அடுக்குமாடிகளின் பழுதுபார்ப்புக்கு உதவி வைத்திருக்கிறது. அதற்கு விண்ணப்பம் போட வேண்டியதும் ஜேஎம்பி வழியாகத்தான். கூட்டம் கூடாத மன்றம் யார் கையெழுத்தில் விண்ணப்பிக்கும்? உதவி அதிகம் தேவைப்படும் இடமே உதவி கேட்க முடியாத இடமாக இருக்கிறது. இந்த ஓட்டையை அடைக்க வேண்டியது அரசாங்கம். ஜேஎம்பி செயல்படாத வளாகங்களில் நிர்வாகியை நியமிக்க கட்டட ஆணையருக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. கழிவுநீர் தெருவில் ஓடுவது சுகாதார அவசரம். அந்த அதிகாரத்தை அங்கே தயங்காமல் பயன்படுத்தலாம். முதலில் அடைப்பை எடுத்துவிட்டுப் பிறகு யார் குழாய் என்று வாதாடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆள் வரவில்லை என்று மூடியை நெம்பித் திறந்து மூங்கில் கம்பால் குத்தும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நகராட்சி லயன்களில் வாழ்ந்து இந்தத் துப்புரவு வேலையையே செய்து குடும்பத்தை வளர்த்த தலைமுறை நம்முடையது, பயம் தெரியாது. உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்பைட் வாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. வாசனை போய்விட்டது என்று இறங்குகிறவர் மயங்கி விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். மூடியைத் திறக்கவே வேண்டாம்.

அன்று அக்காவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: கடைசியாக ஜேஎம்பி கூட்டம் எப்போது? பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு சீனப் பெரியவர்தான் பழைய கணக்குப் புத்தகத்தை வைத்திருக்கிறாராம். மேலே ஏறிப் போனோம். புத்தகம் இருந்தது. அவரும் கட்டட ஆணையர் அலுவலகத்துக்கு வருவதாகச் சொன்னார். இரண்டு மலாய்க் குடும்பங்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கின்றன. அடுத்த திங்கட்கிழமை போகிறார்கள்.