அட்டவணையில் ஒரு வெற்றுக் கட்டம்



சென்ற மாதம் கலைக்கல்விப் பாடவேளையில் நான்காம் ஆண்டு மாணவர்களிடம், விருப்பமானதை வரையுமாறு கூறினேன். ஒரு மாணவன் மட்டும் வெள்ளைத் தாளோடு என் மேசைக்கு வந்தான். "எதை வரையணும், டீச்சர்?"

"உனக்குப் பிடித்ததை, ஐயா."

"எனக்கு எது பிடிக்கும்னு அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய வாரத்தை விசாரித்தேன். பள்ளி விட்டதும் பராமரிப்பு நிலையம், மாலையில் டியூஷன், சனிக்கிழமை அபாகஸும் பிரிக்பீல்ட்ஸில் மிருதங்கமும், ஞாயிறு மீண்டும் கணிதம்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டபோது மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருத்தி. 1988-இல் தொடங்கி 2019-இல் இறுதியாக நடந்த அத்தேர்வில் நம் தமிழ்ப்பள்ளிகள் முதலில் '7ஏ', 2016 முதல் '8ஏ' என்றே மூச்சு விட்டன. தேர்வு போயிற்று, பதற்றம் போகவில்லை. வகுப்புசார் மதிப்பீட்டில் ஆறு நிலைகளுள் நான்காம் நிலை என்று நாங்கள் விளக்கினால், "வகுப்பில் எத்தனையாவது இடம், டீச்சர்?" என்றே பெற்றோர் கேட்கின்றனர்.

குறை கூறுவது எளிது. கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் தாய்க்கு, டியூஷன் என்பது பாடம் மட்டுமன்று. பிள்ளை பத்திரமாக இருக்கும் இடமும் அதுவே.

வேறு சிலர், "சுதந்திரமா விட்டுட்டோம், டீச்சர்" என்பர். நள்ளிரவு வரை கைத்தொலைபேசி. காலையில் முதல் பாடவேளையிலேயே மேசைமேல் தலை. இதைச் சுதந்திரம் என்று நான் ஏற்கமாட்டேன். பிள்ளையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

அடக்கி ஆளுதல், மனம்போல் விடுதல், அன்போடு காரணம் கூறி வரம்பு வகுத்தல் என மூவகைப் பெற்றோரை அமெரிக்க உளவியலாளர் டயானா பௌம்ரிண்ட் 1966-இல் விளக்கினார். பயிற்சிக் கழகத்தில் இதை மனப்பாடம் செய்து தேர்ச்சியும் பெற்றேன். பின்னர் என் மகனுக்கு நானே மணிக்கு மணி அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒருநாள் அதன் ஓரத்தில் அவன் பென்சிலால் ஒரு கட்டம் வரைந்து, 'சும்மா' என்று எழுதியிருந்தான்.

உறங்கும் நேரம், சேர்ந்து உண்ணும் நேரம், கைத்தொலைபேசியை எடுத்துவைக்கும் நேரம் இம்மூன்றும் மாறக்கூடாது என்பதில் இன்றும் நான் கண்டிப்பானவள். ஆனால் சனிக்கிழமை மதியம் பிள்ளைக்கே உரியது. சலிப்படைந்தால் சலிப்படையட்டும்.

அம்மாணவனின் தாயாரிடம் பேசினேன். ஞாயிறு வகுப்பை நிறுத்த ஒப்புக்கொண்டார். அபாகஸை மட்டும் விடமாட்டாராம். நேற்றும் அவன், "எதை வரையணும்?" என்றான். நான் பதில் கூறவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு இருக்கைக்குத் திரும்பினான்.