சாயத் தெரிந்த பொம்மை

"அவர் சுத்தத் தஞ்சாவூர்ப் பொம்மை!" என்று யாரைப் பற்றியாவது சொன்னால், அது புகழ்ச்சி அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா சொன்னாலும் தலையாட்டுவார், மனைவி சொன்னாலும் தலையாட்டுவார், ஆபீசில் மானேஜர் சொன்னாலும் தலையாட்டுவார் என்று அர்த்தம். எங்கள் ஜில்லாவின் பெயர் இப்படி அடிபடுவதில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. பொம்மையின் தரப்பில் பேச ஓர் ஆள் வேண்டாமா? இந்த வாரம் நான் அதற்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வக்காலத்து பொம்மைக்கு, விசாரணை மட்டும் கார்ட்டூன் படங்களைப் பற்றியது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

தஞ்சாவூரை அடுத்த புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் தலையாட்டி பொம்மைகளைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று நாட்டியப் பெண். தலை வேறு, உடல் வேறு, பாவாடை வேறாகச் செய்து ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தியிருப்பார்கள். காற்றடித்தாலே ஆடத் தொடங்கிவிடுவாள். மற்றது ராஜா ராணி. அடிப்பாகம் உருண்டையாக, நல்ல கனமாக இருக்கும், மேற்பாகம் லேசானது. ஒரு விரலால் தள்ளினால் ராஜா தரை வரையில் சாய்வார். 'போச்சு, கிரீடம் உடைந்தது!' என்று நாம் நினைக்கிற சமயத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி எழுந்து நிற்பார்.

கதையில் வருகிற ஒரு பாத்திரத்தை நான் இந்தப் பொம்மையாகத்தான் பார்க்கிறேன். அடியில் இருக்கும் கனம், அவன் மனசில் இருக்கிற ஏதோ ஒரு பற்று. அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும், வீடு திரும்ப வேண்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் - இப்படி ஏதாவது ஒன்று. தள்ளுகிற விரல்தான் கதை. விரல் தள்ளுகிறது, அவன் சாய்கிறான், நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், மெள்ள எழுகிறான். அடியில் கனமில்லாத பொம்மை, தள்ளின பக்கமே விழுந்து கிடக்கும். அதேபோல், தரையோடு ஆணியடித்து நிறுத்திய பொம்மையாலும் பிரயோசனமில்லை. அது விழாது, வாஸ்தவம். ஆனால் சாயவும் சாயாது. இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தை வேறு விளையாட்டுக்குப் போய்விடும்.

இன்று குழந்தைகளுக்குச் சாப்பாடு ஊட்டும் வேளையில் செல்போனில் ஓடுகிற படங்களில் பல, ஆணியடித்த பொம்மைகள்தாம். கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காளின் மகளுக்கு வயது ஆறு. அவளுடைய அப்பா துபாயில் வேலை பார்க்கிறார். ஒருநாள் இட்லியும் கையுமாக அவள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா கதை?" என்றேன்.

"சண்டை, மாமா."

"யார் ஜெயிச்சாங்க?"

"அவன்தான். எப்பவும் அவன்தான்" என்றாள். சொன்ன குரலில் கொஞ்சமும் சுரத்தில்லை. எப்போதும் ஜெயிக்கிறவனைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

மறுநாள் அவளுக்கு 'டம்போ'வைப் போட்டுக் காட்டினேன். வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவார் 1941-ல் வெளியிட்ட படம். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். காது பெரிதாகப் பிறந்துவிட்ட சர்க்கஸ் யானைக்குட்டி ஒன்றின் கதை. ஊர்ப் பையன்கள் குட்டியின் காதைப் பிடித்துக் கேலி செய்கிறார்கள். தாய் யானை கோபித்துக்கொண்டு பாய்கிறது. உடனே அதற்கு வெறி பிடித்துவிட்டதென்று விலங்கிட்டு வண்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். இரவில் குட்டி தேடிக்கொண்டு போகிறது. தாயின் முகம் எட்டவில்லை. கம்பிகளுக்கு வெளியே துதிக்கை மட்டும் வந்து, துழாவித் துழாவிக் குட்டியைக் கண்டுபிடித்து, ஏந்திக்கொண்டு தாலாட்டுகிறது. டம்போ படம் முழுவதிலும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அம்மா யானையை எப்ப மாமா வெளியே விடுவாங்க?" என்றாள். அன்று இரவு துபாயிலிருந்து அவள் அப்பா செல்போனில் முகம் காட்டியபோது, வழக்கம்போல் பொம்மை கேட்கவில்லை. ஒரு விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே பேசினாள் என்று அக்காள் சொன்னாள். நான் அதற்குமேல் ஒன்றும் விசாரிக்கவில்லை.

காகிதத்தில் வரைந்த ஒரு யானைக்கு இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? டம்போவை வரைந்தவர்களில் முக்கியமானவர் பில் டைட்லா என்பவர். அவர் வீட்டில் அப்போது சின்னக் குழந்தை ஒன்று இருந்தது. அந்த மகன் அம்மாவை ஒட்டிக்கொள்வதையும், வெட்கப்படுவதையும், சிணுங்குவதையும் பார்த்துப் பார்த்து யானைக்குட்டியில் கொண்டுவந்து வைத்தார். உருவம் யானை, உள்ளே இருந்தது வீட்டுக் குழந்தை.

இங்கே சித்திரப் படத்துக்கே உரிய ஒரு கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு தடவை பிடித்து, விநாடிக்கு 12 சித்திரம் என்று சிக்கனம் செய்வது பழைய வழக்கம். அப்படிப் பார்த்தாலும் பத்து நிமிஷத்துக்கு 7,200 சித்திரங்கள், அதுவும் ஓர் உருவத்துக்கு மட்டும்! இப்போது கம்ப்யூட்டர் வந்து பென்சில் வேலையைக் குறைத்துவிட்டது. ஆனால் யோசிக்கிற வேலையைக் குறைக்கவில்லை. நாடகத்தில் ஒரு நடிகர் மேடைக்கு வந்து சும்மா நின்றாலே போதும். அவருடைய மூச்சு, களைப்பு, தயக்கம் எல்லாம் கூடவே இலவசமாக வந்துவிடும். சித்திரத்தில் எதுவும் இலவசமில்லை. தயக்கம் வேண்டுமென்றால் யாராவது ஒருவர் உட்கார்ந்து யோசித்துத் தயக்கத்தை வைக்க வேண்டும். வைக்க மறந்தால் அது இல்லை, அவ்வளவுதான்.

'அப்படியானால் நிறைய அசைவு வைத்துவிட்டால் தீர்ந்தது' என்று எண்ணிவிடாதீர்கள். கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தைப் பாருங்கள். மரத்தில் செதுக்கிய பொம்மை. ஒவ்வொன்றும் பத்துக் கிலோ வரையில் இருக்கும். பொம்மையிலிருந்து வரும் கயிறுகளை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, ஆட்டுகிறவர் அந்த வளையத்தைக் கிரீடம்போல் தம் தலையில் அணிந்துகொள்கிறார். கைகளை ஆட்டக் கம்பிகள். பொம்மை குனிய வேண்டுமென்றால் திரைக்குப் பின்னால் மனிதர் குனிய வேண்டும். முகம்? அது மரம். இமை கொட்டாது, உதடு அசையாது. ஆனாலும் அரிச்சந்திரன் கதையில் மயானத்தில் குழந்தையின் உடலோடு சந்திரமதி வந்து நிற்கும்போது, அந்த மரமுகம் அழுவதாக நமக்குத் தோன்றுகிறது! மகனும் போய், மனைவியும் எதிரே நிற்க, கூலியை விடமாட்டேன் என்கிறான் அரிச்சந்திரன். அவன் எவ்வளவு தூரம் சாய்கிறான் என்பது நமக்குத் தெரியும். தெரிந்ததை நாமே மரமுகத்தில் எழுதிக்கொள்கிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2014-ல் வந்த 'கோச்சடையான்' படத்தில் ரஜினிகாந்தின் அசைவுகளையே கருவிகளால் பதிவு செய்து சித்திர உருவத்துக்கு ஏற்றினார்கள். பெரிய முயற்சிதான். ஆயினும், அவர் சும்மா திரும்பிப் பார்த்தாலே கூட வருகிற ஏதோ ஒன்று வழியில் நழுவிவிட்டதாக எனக்குத் தோன்றியது. அதைவிட, 1989-ல் 'ராஜா சின்ன ரோஜா'வில் அதே ரஜினிகாந்தோடு பாட்டுக்கு ஆடின சித்திர மிருகங்கள் எத்தனையோ எளிமையானவை. ராம் மோகன் குழுவினர் வரைந்தவை. ஆனால் அந்தப் பாட்டில் வருகிற காட்டைத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் மறக்கவே இல்லை.

நிற்க. எங்கள் பக்கத்துப் பிரகலாதனுக்கு வருவோம். தஞ்சாவூருக்கு அருகே மெலட்டூர் என்று ஓர் ஊர். அங்கே ஒவ்வொரு வருஷமும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கிறது. மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய 'பிரகலாத சரித்திரம்' விடிய விடிய நடக்கும். பெண் வேஷமும் ஆண்களே போடுவார்கள். நரசிம்மத்தின் முகமூடியைப் பூஜையில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அதை அணிகிறவர் விரதம் இருப்பார். ஆவேசம் வந்துவிட்டால் பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்பார்கள்.

அதே கதை 2025-ல் 'மகாவதார் நரசிம்மா' என்ற சித்திரப் படமாக வந்து, தமிழிலும் பேசி, தியேட்டர்களை நிரப்பியது. கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தவர்கள்கூடக் குடும்பத்தோடு போனார்கள். எனக்கு அதில் மெத்த சந்தோஷம். ஆனால் அந்தக் கதையைச் சித்திரத்தில் சொல்ல வருகிற எவருக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. அதைச் சொல்லியாக வேண்டும்.

பிரகலாதனை யானை மிதிக்க வருகிறது, பாம்பு கடிக்க வருகிறது, விஷம் கொடுக்கிறார்கள், மலையிலிருந்து உருட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்கிறான். பார்த்தால் அசல் தஞ்சாவூர்ப் பொம்மை! அடியில் கனம் இருக்கிறது, தள்ளுகிற விரலும் பலமான விரல். ஆனால் அவன் சாய்கிறானா? ஒவ்வொரு ஆபத்துக்கும் புன்சிரிப்போடு கைகூப்பி நின்றால், அவன் ஆணியடித்த பொம்மையாகிவிட மாட்டானா?

மெலட்டூரில் இந்த ஆபத்து இல்லை. அங்கே பிரகலாதனாக வருவது உண்மையான சிறு பையன். நள்ளிரவு கடந்துவிட்டது, கண்ணில் தூக்கம், எதிரே மீசையும் கிரீடமுமாக ஆஜானுபாகுவான இரணியன். பையனின் மெல்லிய குரலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. 'ஐயோ, குழந்தை!' என்கிறோம். சாய்வு தானாக வந்துவிட்டது. நடுவே தாய் லீலாவதி. கணவனையும் விட முடியாமல், மகனையும் விட முடியாமல் அவள் இரண்டு பக்கமும் சாய்கிறாள். இரணியன் மாத்திரம் என்ன? தம்பியைப் பறிகொடுத்த கோபம் ஒரு பக்கம், பெற்ற பாசம் ஒரு பக்கம். மகனை மடியில் உட்காரவைத்துப் பாடம் கேட்ட தகப்பன் அல்லவா?

சித்திரம் வரைகிறவர் இதையெல்லாம் தாமே கொண்டுவர வேண்டும். யானையின் கால் மேலே வரும்போது குழந்தையின் கால்விரல்கள் ஒரு கணம் மடங்கட்டும். அப்பாவைப் பார்க்கும்போது ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாமா என்று ஒரு பார்வை பார்க்கட்டும். பிறகு அவன் கைகூப்பினால், அந்தக் கூப்பலுக்கு மதிப்பு ஏறும். பக்தி குறைந்துவிடாது. பயம் தெரியாதவனுக்குத் தைரியம் எதற்கு?

இதை எழுதும்போது எனக்கு ஓர் ஆசை. கம்ப்யூட்டரில் படம் வரையத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகிறார்கள். அவர்கள் ஊருக்கு வரும்போது வரப்பில் நடக்கிறவர்களைக் கொஞ்சம் பார்க்கட்டும். சேற்று வரப்பில் ஒருவன் தார்ரோட்டில் நடப்பதுபோல் நடக்க முடியாது. ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு காலை வைத்து, இரண்டு கையையும் சற்று விலக்கி நடப்பான். தலையில் நாற்றுக்கட்டு இருந்தால் கழுத்து அசையாது, இடுப்புதான் அசையும். மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா என்று கேட்டுக்கொண்டு போகிறவரின் நடை வேறு. தண்ணீர் வந்துவிட்டதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவரின் நடை வேறு. அதை ஒருவர் வரைந்துவிட்டால் வசனமே வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். கார்ட்டூனே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நடக்காது. முன்பெல்லாம் பாட்டி கதை சொன்னால் குழந்தை 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் தூங்கிவிட்டதென்று அர்த்தம்; இழுத்து வந்தால் அழுகிறதென்று அர்த்தம். செல்போன் 'உம்' கேட்பதில்லை. சுட்டி டி.வி.யில் வந்த டோரா, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். ஆனால் பதில் அவள் காதில் விழவில்லை. ஆகவே அந்த வேலை நம்முடையது. படம் முடிந்ததும், 'யார் ஜெயித்தார்கள்?' என்று கேட்காதீர்கள். 'யாருக்காகப் பாவமாக இருந்தது?' என்று கேளுங்கள். குழந்தை ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் படம் நல்ல படம். யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினால், அடுத்த வேளை இட்லிக்கு வேறு படம் தேடுங்கள். அது அகப்படும் வரையில் நீங்களே ஒரு கதை சொல்லுங்கள். 'உம்' கொட்ட ஆள் தயாராக இருக்கிறது.