ஊசி பயம்: தானா பழகிடும்னு விட்டா போயிடுமா?

"சேட்டை பண்ணா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்!"

இதைச் சொல்லாத வீடு நம்ம ஊர்ல குறைவு. அப்புறம் கிளினிக் வாசல்லயே பிள்ளை கத்த ஆரம்பிச்சா, "நாலு தடவை போட்டா தானா பழகிடும் டாக்டர்"னு நீங்களே ஆறுதலும் சொல்றீங்க. பழகாது என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமான த்ரெட்.

1. ஊசி பயம் பெரும்பாலும் கற்றுக்கொள்வது. ஸ்பிரிட் வாசனை வந்தது, பின்னாடியே சுருக்குன்னு வலி வந்தது. மூளை ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டு வைக்கும். அடுத்த முறை வாசனைக்கே அழுகை வரும்.

2. இந்த முடிச்சைத் தளர்த்த ரெண்டு வழி உண்டு. ஒன்று, அதே இடம், அதே வாசனை, ஆனால் வலி இல்லாமல், திரும்பத் திரும்ப. இதற்கு 'எக்ஸ்டிங்ஷன்' என்று பெயர். இரண்டாவது, பயம் தரும் விஷயத்தோடு பிள்ளைக்குப் பிடித்த ஒன்றைச் சேர்ப்பது. இது 'கவுன்ட்டர் கண்டிஷனிங்'.

3. "நாலு தடவை போட்டா பழகிடும்" என்பது இந்த ரெண்டிலும் சேராது. ஒவ்வொரு தடவையும் வலி வருதே! முடிச்சு இறுகத்தான் செய்யும்.

4. சரி, வலி இல்லாமல் காட்டிக்கொண்டே இருந்தால்? பயம் தணியும். ஆனால் அழியாது. பாவ்லோவ் தன் நாய்களிடம் பார்த்த விஷயம் இது. உணவு தராமல் சிக்னலை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். கொஞ்ச நேரம் இடைவெளி விட்டுப் பார்த்தால் மறுபடி ஊறும். இடம் மாறினாலும் பழைய பயம் திரும்பலாம். பக்கத்து கிளினிக்கில் சமர்த்தாக இருக்கும் பிள்ளை, பெரிய ஆஸ்பத்திரியில் அலறுவது இதனால்தான்.

5. 1924-ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், பீட்டர் என்ற சின்னப் பையனின் முயல் பயத்தைப் பற்றி எழுதினார். பையன் பிடித்ததைச் சாப்பிடும்போது, கூண்டில் முயலைத் தூரத்தில் வைப்பார்கள். சாப்பாடு தடைபடாத அளவுக்கு மட்டும் மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டு வருவார்கள். நடுவில் ஒரு பெரிய நாய் அவனைப் பயமுறுத்தி, பயம் பழையபடி திரும்பியது. விடாமல் தொடர்ந்தார்கள். கடைசியில் முயலைத் தடவிக் கொடுத்தான். பயந்த மற்ற பிள்ளைகளிடமும் பல வழிகளை முயன்று பார்த்தார் ஜோன்ஸ். கேலி செய்வதும், பயந்த பொருளைக் கண்ணிலேயே காட்டாமல் விடுவதும் பெரிதாக உதவவில்லை.

6. நேர்மையாகச் சொன்னால், இரண்டாவது வழியும் பழைய பயத்தை முழுசா அழிக்காது. ஆனால் எக்ஸ்டிங்ஷன் சொல்வது "இனி ஆபத்து இல்லை" என்பதை மட்டும். அங்கே போகணும்னு ஆசை வராது. ஊசியை வலியே இல்லாமல் போடவும் முடியாது. அதனால்தான் குழந்தைகளுக்கு வெறும் பழக்கத்தை நம்பாதீங்கன்னு சொல்றேன்.

7. வீட்டில் செய்ய வேண்டியவை:

▪️ வரிசை முக்கியம். முதலில் கிளினிக், ஊசி, உடனே பிடித்தது. எப்போதும் பிஸ்கட்டை முதலில் கொடுத்து ஏமாற்றிக் கூட்டிப் போனால், நாளைக்கு பிஸ்கட்டைப் பார்த்தே பயப்படும்.

▪️ ஊசி இல்லாத நாளிலும் கூட்டி வாங்க. எடை பார்த்து, சிரித்துப் பேசி, திரும்பிப் போங்க. பிள்ளை ஏற்கனவே அலறினால், அழுகை அடங்கும் தூரத்திலிருந்து தொடங்குங்க.

▪️ கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுங்க. உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே பரிந்துரைத்தது இது.

▪️ கொஞ்சம் வளர்ந்த பிள்ளையை நாலு பேர் அமுக்கிப் படுக்க வைக்காதீங்க. மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து அணைச்சுக்கோங்க.

▪️ "வலிக்கவே வலிக்காது" என்று பொய் வேண்டாம். "சுருக்குன்னு இருக்கும், அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" போதும்.

▪️ கெட்டியான மிட்டாய், கடலை சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும். அழும்போது இன்னும் ஆபத்து. சோப்பு நுரை ஊதுவது, பாட்டு, பிடித்த பொம்மை போதும்.

8. இவ்வளவு எதுக்குன்னு கேட்கலாம். தடுப்பூசி கைக்குழந்தையோடு முடிவதில்லை. 5, 10, 16 வயதிலும் இருக்கு. அந்தப் பயம் பெரியவர் ஆனதும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடும். இன்சுலின் என்றதும் அடுத்த விசிட்டுக்கே வராமல் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதல் வேலையாக, இன்றிலிருந்து "ஊசி போடச் சொல்லிடுவேன்" மிரட்டலை நிறுத்துங்க. தாத்தா பாட்டிக்கும் சொல்லி வையுங்க. அதுக்குச் செலவு ஒரு பைசா கிடையாது. 🙏