இன்டெல் பெயர், தைவான் சிப்: இஎம்ஐயும் கட்டி வாடகையும் கட்டும் கதை!

2024 செப்டம்பரில் அறிமுகமான ‘கோர் அல்ட்ரா 200வி’ சிப் போட்ட லேப்டாப்பை வாங்கினால், மேலே ஒட்டியிருப்பது இன்டெல் ஸ்டிக்கர்தான். ஆனால், உள்ளே கணக்குப் போடும் முக்கியப் பகுதியைத் தயாரித்தது இன்டெல் இல்லை, தைவானின் டிஎஸ்எம்சி. அங்கே 3 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாராகி வருவதை மற்ற துண்டுகளோடு சேர்த்து பேக்கேஜிங் செய்கிற வேலை இன்டெலுடையது.

இன்டெலுக்கே இந்த நிலைமையா என்று கலாய்ப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், வெளியே கொடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை. ஆப்பிளுக்கும் என்விடியாவுக்கும் சொந்தமாக ஃபேப், அதாவது சிப் தொழிற்சாலை, கிடையாது. இன்டெலின் பழைய போட்டியாளர் ஏஎம்டி, 2009லேயே தன் ஃபேப்களைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. அந்த நிறுவனம் 2018ல் 7 நானோமீட்டர் போட்டியிலிருந்து விலகியதும், ஏஎம்டி அந்த வேலையை டிஎஸ்எம்சியிடம் கொடுத்தது. அடுத்த வருஷமே ‘ரைசன் 3000’ வந்தது. மார்க்கெட் திரும்பிப் பார்த்தது.

அப்போ இன்டெலுக்கு மட்டும் என்ன பிரச்சினை? அது ஃபேப்பையும் விடவில்லை. சொந்த வீட்டுக்கு இஎம்ஐ கட்டிக்கொண்டே, பக்கத்துத் தெருவில் வாடகைக்குக் குடியிருப்பது மாதிரி. ஃபேப் சும்மா கிடந்தாலும் செலவு நிற்காது. கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய மெஷின்கள் வருஷா வருஷம் மதிப்பை இழந்துகொண்டே இருக்கும். 2024ல் இன்டெலின் தயாரிப்புப் பிரிவுக்கு மட்டும் செயல்பாட்டு நஷ்டம் 1,340 கோடி டாலர்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. ஒரு வேஃபரில் இருந்து உருப்படியாகத் தேறும் சிப்களின் விகிதத்தை ‘யீல்டு’ என்பார்கள். அது லேபில் உட்கார்ந்து யோசித்து மட்டும் ஏறாது. ஆயிரக்கணக்கான வேஃபர்களை ஓட்டி, தப்பைக் கண்டுபிடித்து, திருத்தித்தான் ஏறும். ஆர்டரை வெளியே கொடுக்கும்போது அந்த அனுபவமும் சேர்ந்து போகிறது. ஆப்பிளுக்குத் தயாரிக்கும்போது டிஎஸ்எம்சி கற்றுக்கொண்டது. இப்போது இன்டெல் காசிலும் கற்றுக்கொள்கிறது!

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. நவீன சிப்களுக்கு அவசியமான இயுவி லித்தோகிராஃபி மெஷினைச் செய்யும் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தில் 2012லேயே பெரிய முதலீடு செய்தது இன்டெல். ஆனால், அந்த மெஷினைப் பெரிய அளவில் முதலில் ஓட்டியது டிஎஸ்எம்சியும் சாம்சங்கும்தான். இன்டெல் 10 நானோமீட்டரில் பல வருஷம் சிக்கிக் கிடந்தது. 2020 ஜூலையில் 7 நானோமீட்டரும் தாமதம் என்று அறிவித்தபோது, வெளி ஃபவுண்டரிக்குப் போக வேண்டியிருக்கலாம் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னது.

அதனால் டிஎஸ்எம்சிக்குப் போனது அன்றைக்குச் சரியான முடிவுதான். போகாமல் இருந்திருந்தால் லேப்டாப் மார்க்கெட்டையும் சேர்த்துக் கோட்டை விட்டிருக்கும். ஆனால், அது ஆம்புலன்ஸ் மாதிரி. தினமும் ஆபீஸுக்கு அதிலேயே போக முடியாது.

பெரிய வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் ‘14ஏ’ என்ற அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பத்தை நிறுத்தவும் நேரலாம் என்று 2025 ஜூலையில் இன்டெலே சொன்னது. அப்படி நடந்தால், இந்த உச்சத்தில் மிஞ்சும் பெரிய பெயர்கள் டிஎஸ்எம்சியும் சாம்சங்கும்தான். உங்கள் அடுத்த லேப்டாப்பின் விலையும் அந்த இருவர் கையில். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இன்டெலில் சுமார் 10% பங்கை எடுத்துக்கொண்டதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

2026 ஜனவரியில் வந்த ‘பேந்தர் லேக்’ சிப்பின் முக்கியப் பகுதியை இன்டெல் தன் சொந்த ‘18ஏ’ தொழில்நுட்பத்தில் செய்திருக்கிறது. சில துண்டுகள் இன்னும் டிஎஸ்எம்சியில் இருந்துதான் வருகின்றன. அது இருந்துவிட்டுப் போகட்டும். முக்கியப் பகுதியை மட்டும் மறுபடி தைவானுக்கு அனுப்பக் கூடாது. சொந்த சிப்பையே நம்பிக் கொடுக்காத ஃபேப்பில், வேறு யார் ஆர்டர் கொடுப்பார்கள்?